இரு ஆறுகளுக்கு இடையே தகடூர் நாடு

தருமபுரி மாவட்டத்தை நடந்து அறிய முற்படுபவர், ஊர்களின் பட்டியலுக்கு முன்பாக அதன் நீர்ப்போக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் காவிரியும் கிழக்கே அரூர்ப் பக்கத்தில் தென்பெண்ணையும் ஓடுகின்றன. இரண்டுக்கும் இடைப்பட்ட மேட்டுநிலத்தில் பெய்யும் மழை, மேற்கே சரிந்தால் சின்னாறு, நாகாவதி, தொப்பையாறு ஆகியவற்றின் வழியாகக் காவிரியைச் சேர்கிறது. கிழக்கே சரிந்தால் கம்பைநல்லூர் ஆறு, வாணியாறு ஆகியவற்றின் வழியாகத் தென்பெண்ணையைச் சேர்ந்து கடலூர் அருகே கடலில் கலக்கிறது. பெயருக்கு இரண்டு பேராறுகள் இருந்தாலும், அவை பள்ளத்தில் ஓடுவதாலும் மேட்டுநிலம் பாறைப்பாங்கானது என்பதாலும், இங்கு நெல் விளையும் நிலம் குறைவு. ராகி, சாமை, அவரை, புளி, மா என வானம் பார்த்த வேளாண்மையும் கால்நடையுமே நெடுங்காலமாக மக்களைக் காத்து வந்துள்ளன. தஞ்சையிலும் காஞ்சியிலும் எழுந்தவை போன்ற பெருங்கோயில்கள் இங்கு ஏன் எழவில்லை என்பதற்கும், அவற்றுக்கு ஈடாக வயல் வரப்புகளிலும் ஏரிக்கரைகளிலும் மாடு காத்து மடிந்தவர்களின் கற்கள் ஏன் நிற்கின்றன என்பதற்கும் விடை இந்த நிலவமைப்பிலேயே இருக்கிறது. சேலத்துக்கும் பெங்களூருவுக்கும் இடையே நெடுஞ்சாலையில் விரையும் வண்டிகளில் இருப்பவர்களுக்கு இம்மாவட்டம் தொப்பூர்க் கணவாயும் ஒரு சுங்கச்சாவடியுமாக முடிந்துவிடுவது அவர்கள் குற்றமன்று. இந்நாட்டின் வரலாறு நடப்பவர் கண்ணுக்கு மட்டுமே படும் அளவில் சிதறிக் கிடக்கிறது.

இன்றைய தருமபுரிக்குப் பழைய பெயர் தகடூர். சங்ககாலக் குறுநில மன்னனும், ஔவையாரைப் போற்றிய வள்ளலுமான அதியமான் நெடுமான் அஞ்சியின் தலைநகர் இதுவே. சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை வென்ற போரைப் பாடிய ‘தகடூர் யாத்திரை’ என்ற நூலில் இன்று எஞ்சியிருப்பவை சில பாடல்களே. அதியமான் புலவர்களின் கற்பனையில் பிறந்தவன் அல்லன் என்பதற்குக் கல்லே சான்றாகக் கிடைத்தது. தென்பெண்ணையின் போக்கில் கிழக்கே, இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்த ஜம்பை என்ற ஊரின் குன்றில் 1981 ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, அங்குள்ள பள்ளியை, அதாவது துறவியர் உறைவிடத்தை, அதியன் நெடுமான் அஞ்சி அளித்தான் என்று கூறுவதோடு, அவனைச் ‘சதியபுதோ’ என்றும் குறிக்கிறது. அசோகரின் கல்வெட்டில் சோழர், பாண்டியர், சேரர் ஆகியோருடன் வரும் சத்தியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் பல காலம் நடத்திய விவாதம் இந்த ஒற்றை வரியால் பெரும்பாலும் தீர்ந்தது.

அதியமான் காலத்துத் தகடூரைத் தேடித் தருமபுரி நகருக்குள் செல்பவருக்கு அவன் காலத்துக் கட்டடம் எதுவும் கிட்டாது. கோட்டைப் பகுதியிலுள்ள மல்லிகார்ஜுனேசுவரர் கோயில், அவனுக்குப் பல நூற்றாண்டுகள் பின்னர் இப்பகுதியை ஆண்ட நுளம்பர்களின் கலைமரபைச் சேர்ந்தது; நுளம்பர் என்போர் இன்றைய ஆந்திர எல்லையிலுள்ள ஹேமாவதியைத் தலைநகராகக் கொண்டவர்கள். இக்கோயிலின் தூண்களில் சிலவற்றின் அடிப்பகுதி தரையைத் தொடாமல் நிற்பதால் ‘தொங்கும் தூண்’ என்று வழங்கப்படுகின்றன. வருவோர் அதனடியில் துணியை நுழைத்து இழுத்துப் பார்த்துவிட்டு நிறைவோடு திரும்பிவிடுகிறார்கள். அவர்களில் பலர் காணத் தவறுவது காமாட்சி அம்மன் சன்னதியின் அதிட்டானத்தை, அதாவது கருவறையைத் தாங்கும் அடித்தளத்தை, சுற்றிச் செல்லும் இராமாயணச் சிற்பவரிசையாகும். ஒவ்வொரு காட்சியும் மிகச் சிறியது என்பதால் குனிந்தும் சில இடங்களில் அமர்ந்துமே அவற்றைப் பார்க்க இயலும். நுளம்ப மன்னன் மகேந்திரனின் காலத்தில், 893 ஆம் ஆண்டளவில், இவ்வூர்ச் சமணப் பள்ளிக்குக் கொடை அளிக்கப்பட்ட செய்தியைச் சொல்லும் கல்வெட்டு கன்னடத்தில் உள்ளது. மாரண்டஹள்ளி, தும்பலஹள்ளி என ‘ஹள்ளி’யில் முடியும் ஊர்ப்பெயர்களும், சந்தைகளில் தமிழோடு கலந்து ஒலிக்கும் தெலுங்கும் கன்னடமும் அந்த எல்லைநாட்டுத் தன்மையின் தொடர்ச்சியே. நகருக்குத் தெற்கே அதியமான்கோட்டையில் சென்றாயப் பெருமாள் கோயிலின் மண்டப விதானத்தில் இராமாயண, மகாபாரத ஓவியங்கள் மங்கிய செங்காவி நிறத்தில் எஞ்சியுள்ளன. அதே ஊரிலுள்ள காலபைரவர் கோயிலில் தேய்பிறை அட்டமியன்று கூடும் கூட்டத்தில் ஒரு சிறு பங்கேனும் இந்த ஓவியங்களுக்கு வாய்க்கலாம் என்று தோன்றாமல் இராது.

நகரின் வரலாற்றில் இன்னொரு நடைக்காரரையும் குறிப்பிட வேண்டும். மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792 ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு வந்த பாராமகால் என்ற நிலப்பகுதியை அளந்து வரி விதிக்க அலெக்சாண்டர் ரீட் அமர்த்தப்பட்டபோது, அவருக்கு உதவியாளராக வந்தவர் தாமஸ் மன்றோ. 1799 வரை இப்பகுதியில் பணியாற்றிய அவர், வயல் வயலாகச் சென்று நிலத்தின் தரத்தையும் விளைச்சலையும் உழவர் வாயிலாகவே கேட்டறிந்தார். இடைத்தரகரான ஜமீன்தாரின்றி உழவரிடமே அரசு நேரடியாக வரி பெறும் ரயத்துவாரி முறை, பின்னர் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்கு விரிந்தது என்றாலும், அதன் நாற்றங்கால் இந்தப் புழுதிக்காடுகளே.

தருமபுரியிலிருந்து வடமேற்கே பாப்பாரப்பட்டிக்குச் செல்லும் சாலை, நடப்பவருக்குப் பெரிய உயரம் எதையும் வைப்பதில்லை. இருபுறமும் புளியமரங்கள், ஆங்காங்கே கிணற்றுப் பாசனத்தில் பச்சை பிடித்த தோட்டங்கள், அவற்றுக்கு அப்பால் மொட்டைக் கரடுகள். இவ்வூரில்தான் விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா தம் இறுதி ஆண்டுகளைக் கழித்து 1925 ஜூலை 23 அன்று மறைந்தார். 1908 இல் வ.உ.சிதம்பரனாருடன் கைதாகிச் சிறையில் தொழுநோய்க்கு ஆளான அவர், தொழுநோயாளர் இரயிலில் செல்லக் கூடாது என்ற தடையினால் மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகச் சென்று சொற்பொழிவாற்றினார். இங்கு பாரத மாதாவுக்கு ஒரு கோயில் எழுப்ப அவர் எண்ணியதும், 1923 இல் சித்தரஞ்சன் தாஸ் அதற்கு அடிக்கல் நாட்டியதும், அப்பணி அவர் வாழ்நாளில் நிறைவேறாமற் போனதும் வரலாறு. பாரத மாதா நினைவாலயம் 2021 ஆம் ஆண்டில்தான் திறக்கப்பட்டது. புண்பட்ட கால்களோடு ஒருவர் நடந்து கடந்த பாதைகளை விளையாட்டுக் காலணி அணிந்து கடப்பவர், அவரது நினைவிடத்தில் சற்று நின்று செல்வது முறையாகும்.

பென்னாகரத்தைத் தாண்டியதும் நிலம் மாறுகிறது. மேட்டுநிலத்தின் விளிம்பில் தொடங்கும் மலைச்சாலை, முள்மரங்களும் வறண்ட இலையுதிர் மரங்களும் நிறைந்த காட்டின் வழியே காவிரிப் பள்ளத்தாக்குக்கு இறங்குகிறது. இக்காடு யானைகளின் வழித்தடம். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் காப்புக்காடுகளைச் சேர்த்து 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்குக் காட்டுயிர்ச் சரணாலயம் 686 சதுர கிலோமீட்டர் பரப்புடையது, ஆற்றுக்கு அப்பால் கர்நாடகத்தின் காட்டுயிர்ச் சரணாலயத்தோடு தொடர்ச்சி உடையது. ஆகவே சாலையை விட்டு விலகி ஒற்றையடிப் பாதையில் நடக்க வனத்துறையின் முன்அனுமதி இன்றியமையாதது. அனுமதி கிடைக்காத நாளில் சாலையிலும்கூட மாலைக்குப் பின் நடக்காமல் பேருந்தில் ஏறிவிடுவதே அறிவுடைமை.

ஒகேனக்கல் அருவியைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். அவற்றோடு இன்னொன்றைச் சேர்க்க வேண்டிய தேவை இல்லை. எண்ணெய் தேய்த்துவிடுவோரும் மீன் வறுப்போரும் படகுச்சீட்டு விற்போரும் நிறைந்த விடுமுறை நாள் நெரிசலில் அருவியைவிட ஆட்களே மிகுதி. சுற்றுலாக் கையேடுகள் பெரும்பாலும் சொல்லாது விடுவது காலடியில் உள்ள பாறையின் செய்தி. இப்பகுதியில் கார்பனடைட் எனப்படும் அரிய வகைப் பாறை காணப்படுகிறது. பொதுவாக எரிமலைக் குழம்பு சிலிக்காவை மிகுதியாகக் கொண்டிருக்க, இவ்வகைக் குழம்பு கார்பனேட்டால் ஆனது. ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகள் பழமையான ஒகேனக்கல் கார்பனடைட்டுகள் உலகிலேயே மிகப் பழையவற்றுள் வைத்து எண்ணப்படுகின்றன.

ஆற்றைக் கடக்க இன்றும் பயன்படும் பரிசல் கூர்ந்து பார்க்கத் தக்கது. மூங்கிலைப் பிளந்து வட்டக்கூடைபோல் முடைந்து, முன்பு மாட்டுத்தோலும் இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் போர்த்தி, வெளிப்புறம் தார் பூசினால் பரிசல் தயார். முன்புறம், பின்புறம் என்ற பேதம் இதற்கில்லை என்பதால், ஒற்றைத் துடுப்பை முன்னே நீட்டித் தன் பக்கம் வாரி இழுத்தே பரிசல்காரர் அதைச் செலுத்துகிறார். துடுப்பு ஒரு கணம் ஓய்ந்தால் பரிசல் தன்னைத்தானே சுற்றத் தொடங்கிவிடும். நீரோட்டத்தில் கீழே இறங்கிய பிறகு, அதே பரிசலைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு பாறை வழியே மேலேறி வருகிறார்கள். கர்நாடக அணைகளிலிருந்து நீர்வரத்து மிகும் நாட்களில் மாவட்ட நிர்வாகம் பரிசல் இயக்கத் தடை விதிப்பது வழக்கம். அந்நாட்களில் இவர்களுக்குக் கூலி இல்லை.

இவ்வளவு நீர் எல்லையில் ஓடியும் மேட்டுநிலத்து ஊர்கள் தாகத்தோடும், அதைவிடக் கொடுமையாகப் பழுதான நீரோடும் வாழ்ந்தன. பாறையிலுள்ள புளோரைடு நிலத்தடி நீரில் கரைவதால் பற்களில் பழுப்புக் கறையும் எலும்புகளில் வளைவும் ஏற்படுத்தும் புளோரோசிஸ் நோய் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பரவலாக இருந்தது. ஜப்பானியக் கடனுதவியுடன் நிறைவேற்றப்பட்டு 2013 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் நோக்கம், ஆழ்துளைக் கிணற்றுக்குப் பதிலாக ஆற்று நீரை வீடுகளுக்குக் கொண்டு சேர்ப்பதே. வழியோரக் குழாயில் புட்டியை நிரப்பும் பயணி இதை அறிந்திருப்பது நல்லது.

ஒகேனக்கல்லுக்குக் கீழே காவிரி, 1934 இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் நீர்த்தேக்கமாக விரிகிறது. ஏமனூர், ஒட்டனூர், நாகமரை ஆகிய கரையோர ஊர்களில் நீர்மட்டமே நாட்காட்டி: அணை நிரம்பினால் மீன்பிடிப்பு, நீர் வடிந்தால் வெளிப்படும் வண்டல் நிலத்தில் உழவு. நாகமரையிலிருந்து எதிர்க்கரையான பண்ணவாடிக்குப் படகில் செல்லும் வழி உண்டு. நீர் வெகுவாகக் குறையும் ஆண்டுகளில் அணையில் மூழ்கிய பழைய ஊரின் நந்தியும் கிறித்தவத் தேவாலயத்தின் கோபுரமும் அங்கு வெளியே தெரியும்.

மாவட்டத்தின் கிழக்குப் பாதி வேறு உலகம். அரூருக்குத் தெற்கே எழும் சித்தேரி மலைத்தொடரில் வாழும் மலையாளி என்னும் பழங்குடியினருக்கும் கேரளத்துக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர் என்ற பொருளிலேயே அப்பெயர் வழங்குகிறது, காஞ்சிபுரத்திலிருந்து வந்தேறியவர்கள் என்பது அவர்களின் வாய்மொழி வரலாறு. சரிவுகளில் சாமையும் தினையும் ராகியும் விளைகின்றன. இம்மலையின் அடிவாரத்தில்தான் வாச்சாத்தி இருக்கிறது. சந்தனமரக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லி 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் இப்பழங்குடிச் சிற்றூரில் புகுந்து வீடுகளைச் சூறையாடி, மக்களை அடித்து, 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கினர். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் வழக்கு முடியுமுன் இறந்த 54 பேர் போக எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 இல் அதே நாளில், சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. மலையழகைத் தேடிச் சித்தேரிக்குச் செல்பவர்கள் இந்த ஊரைக் கடந்தே போகிறார்கள் என்பதால், இதைச் சொல்லாமல் அம்மலையைப் பற்றி எழுதுவது முழுமையாகாது. வரலாற்றுச் சின்னம் என்றால் பல்லவர் காலத்தோடு நின்றுவிடுவது என்று கொள்ள வேண்டியதில்லை.

அரூரிலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தீர்த்தமலை, மாவட்டத்தின் மிகச் சிறந்த ஏற்றநடை எனலாம். அருணகிரிநாதரால் பாடப்பெற்ற தீர்த்தகிரீசுவரர் கோயில் மலையின் பாதியுயரத்தில், செங்குத்துப் பாறையின் மடியில் அமைந்திருக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளும் இங்கு உள்ளன. பாறை உச்சியின் பிளவிலிருந்து இராம தீர்த்தம் மெல்லிய இழையாகக் கீழே விழ, வரிசையில் நின்று தலையை நீட்டி நனைகிறார்கள். அகத்தியர், குமாரர், கௌரி, அக்னி தீர்த்தங்கள் பாறைச் சுனைகள். சுற்றிலும் கோடையில் கிணறுகள் வறளும் நாட்டில் மலையின் நெஞ்சுப் பகுதியில் நீர் கசிந்துகொண்டிருப்பது மக்களுக்கு அதிசயமாகப் பட்டதில் வியப்பில்லை. மழைநீர் பாறை வெடிப்புகளில் இறங்கித் தங்கி மெல்ல வெளிவருவதே இதன் இயக்கம். தலபுராணம் இதற்கு வேறொரு காரணம் கூறுகிறது: பூசைக்கு நீர் கொண்டுவர அனுப்பப்பட்ட அனுமன் தாமதிக்கவே இராமன் அம்பெய்து மலையில் ஊற்றை உண்டாக்கினான், பின்னர் வந்த அனுமன் சினத்தால் வீசிய நீர் விழுந்த இடமே தென்பெண்ணைக் கரையிலுள்ள அனுமன்தீர்த்தம். ஆற்றையும் மலையையும் ஒரே கதையில் கட்டிய இந்த ஏற்பாட்டால், ஆற்றில் முழுகிவிட்டு மலையேறுவது வழிபாட்டு மரபாயிற்று; அதாவது நடைப்பயணிகளின் சங்கங்கள் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கு ஒரு நடைவழி வகுக்கப்பட்டிருந்தது. ஆடிப் பதினெட்டன்று அனுமன்தீர்த்தத்தில் கூடும் மக்கள் வெள்ளம் அம்மரபு இன்னும் உயிரோடு இருப்பதைக் காட்டும்.

தென்பெண்ணை, வாணியாற்றுப் பள்ளத்தாக்குகளில் நடப்பவர் இறுதியாகத் தேட வேண்டியவை நடுகற்கள். போரிலோ, ஆநிரை மீட்பிலோ, ஊரைக் காத்த வேளையிலோ இறந்தவருக்கு எடுக்கப்படும் நினைவுக்கல்லே நடுகல். கல்லைத் தேர்வது முதல் வாழ்த்துவது வரை காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என அதன் சடங்குகளைத் தொல்காப்பியம் வரிசைப்படுத்துகிறது. தமிழ்நாட்டின் பழமையான எழுத்துடை நடுகற்களில் மிகப் பல செங்கம், தருமபுரி வட்டாரங்களில் கிடைத்தவை. 1970களில் இரா. நாகசாமி தலைமையில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை இவற்றைத் தேடிப் படியெடுத்து ‘செங்கம் நடுகற்கள்’, ‘தருமபுரி கல்வெட்டுகள்’ என நூல்களாக வெளியிட்டபோதுதான், அரசர்களின் மெய்க்கீர்த்திகளில் இடம்பெறாத ஒரு சமூகம் ஆய்வுலகின் பார்வைக்கு வந்தது.

பல்லவர் காலத்து நடுகல் ஒன்றின் முன் நிற்பவர் காண்பது பொதுவாக இதுதான்: இடுப்பளவோ மார்பளவோ உயரமுள்ள பலகைக்கல், நடுவில் புடைப்பாகச் செதுக்கிய வீரன், ஒரு கையில் வில், மறு கையில் வாள் அல்லது குறுவாள், உடலில் தைத்த அம்புகள், காலருகே கெண்டி என்னும் மூக்குள்ள குடுவையும் சிமிழும், சிலவற்றில் பின்னால் மாடுகள். மேற்புறத்தில் வட்டெழுத்தில், அதாவது வளைகோடுகளால் ஆன பழந்தமிழ் எழுத்தில், மன்னனின் ஆட்சியாண்டு, பகுதித் தலைவன், ஊர், வீரன் யாருடைய சேவகன், எந்தத் தொறுவை மீட்டு இறந்தான் என்ற செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். தொறு என்பது மாட்டுமந்தை. நெல்வளம் இல்லாத நாட்டில் மந்தையே செல்வம். எனவே மந்தையைக் கவர்வதே போரின் தொடக்கமாகவும், மீட்பதே வீரமாகவும் இருந்தன. காஞ்சியில் ஆண்ட பல்லவ மன்னரின் ஆட்சியாண்டைக் கல்லில் குறித்துவிட்டு, அடுத்த வரியிலேயே ஒரு சிற்றூரின் மாடுகளைப் பற்றிப் பேசும் இந்த எழுத்துகள், பேரரசின் செப்பேடுகளைவிட நம்பகமானவை என்று கூறத் தோன்றுகிறது. இவற்றில் புகழ்ந்து பெற வேண்டிய பரிசு எதுவும் இல்லை.

மக்கள் இக்கற்களைக் கைவிடவில்லை. வேடியப்பன் என்ற பெயரில் பல ஊர்களில் இவை வழிபடப்படுகின்றன. மஞ்சள் பூசி, எண்ணெய் வார்த்து, பொங்கலிட்டு, கிடா வெட்டுகிறார்கள். வழிபாடே இக்கற்களைச் சாலைப் பணியாளரின் இயந்திரத்திலிருந்தும் வீடு கட்டுவோரின் கடப்பாரையிலிருந்தும் காத்தது. அதே வழிபாடு, புதுக்கோயில் கட்டும் ஆர்வத்தில் கல்லைச் சிமெண்டில் பதித்தும் பெயின்ட் பூசியும் எழுத்தை மறைத்துவிடுவதும் உண்டு. தருமபுரி அகழ்வைப்பகத்தில் சேகரித்து நிறுத்தப்பட்டுள்ள கற்கள் பத்திரமாக இருக்கின்றன என்றாலும், எந்த மேய்ச்சல் காட்டைப் பார்த்து அவை நின்றன என்பது அங்கே தெரியாது. நின்ற இடத்திலேயே காப்பதே முதல் வழியாகவும், பெயர்த்துச் செல்வது கடைசி வழியாகவும் இருக்க வேண்டும்.

நடைப்பயணத்துக்கு வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த மார்கழி முதல் மாசி வரையான காலம் ஏற்றது. பங்குனிக்குப் பின் பாறை கொதிக்கும், காட்டில் தீ அச்சமும் உண்டு. நடுகல்லைப் பார்க்க விரும்புவோர் காலையிலோ மாலையிலோ, வெயில் சாய்வாக விழும் நேரத்தில் செல்வது சிறப்பு. உச்சிவெயிலில் மறைந்திருக்கும் எழுத்துகள் அப்போது நிழலோடு தெளிந்து தெரியும். எழுத்தைப் படிக்கச் சுண்ணக்கட்டி தேய்ப்பதையும், நீர் ஊற்றிக் கம்பியால் சுரண்டுவதையும் தவிர்க்க வேண்டும். பூசை நடக்கும் கல்லாயின் ஊராரைக் கேட்ட பின்னரே படமெடுக்க வேண்டும். பட்டியலில் சேராத எழுத்துக்கல் எதுவும் கண்ணில் பட்டால், அதை அசைக்காமல், இடத்தைக் குறித்துக்கொண்டு தருமபுரி அகழ்வைப்பகத்துக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவியுங்கள்.